லா ரோஷலிலிருந்து வந்த குடும்பமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் இருக்கும் தம் சம்பந்தி வீட்டாரின் பூர்விகத்தை எப்படித் தேடுவது என்று தங்கச்சிமடம் வாசகி ஒருவர் கேட்டிருந்த கடிதத்தின் சுருக்கத்தைச் சென்ற இதழில் வெளியிட்டு, விரிவான பதில் பிறகு வரும் என்று சொல்லியிருந்தோம். அதைப் படித்துவிட்டு ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வேறு சிலரும் அதே பொருளில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒன்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேள்வி கேட்டவர்களின் பெயரையும், சம்பந்தி வீட்டாரின் குடும்பப் பெயரையும் அவர்கள் விருப்பப்படி வெளியிடவில்லை.

கேள்வி – ஓய்வுபெற்ற ஆசிரியை, தங்கச்சிமடம்:
என் மகளும் மருமகனும் தென் கரோலினா மாநிலத்தில் வசிக்கிறார்கள். மருமகனின் குடும்பம் பல தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்துவருகிறது. தங்கள் முன்னோர் 1686-இல் பிரான்சின் லா ரோஷல் துறைமுகத்திலிருந்து தப்பி வந்த ஹியூகனாட்டுகள், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் அகதிகள், என்று சம்பந்தி வீட்டார் சொல்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் ஆதாரம் ஒரு பழைய குடும்ப பைபிள் மட்டுமே. அதன் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள், இத்துடன் இணைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வம்சாவளியைப் பேரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் அப்பா பக்கத்தையும் பிழையில்லாமல் எழுத ஆசைப்படுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பேரனிடமிருந்து தொடங்குங்கள். இது எளிய பதிலாகத் தோன்றலாம். ஆனால் வம்சாவளி தேடுவோரில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த முதல் படியில்தான். அவர்கள் 1686-இலிருந்து தொடங்குகிறார்கள். தங்கள் குடும்பப் பெயரைத் தாங்கிய ஹியூகனாட் ஒருவரைப் புத்தகத்தில் கண்டுபிடித்து, அவரிடமிருந்து கீழே இறங்கி வந்து, எப்படியாவது தங்கள் தாத்தாவோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அப்படி இறங்குகிறவர்கள் வேறொருவர் குடும்பத்துக்குள் போய்ச் சேர்வதே வழக்கம். நிலம் வாங்குகிறவர் இன்றைய உரிமையாளரின் பத்திரத்தில் தொடங்கி, அவருக்கு விற்றவர் யார், விற்றவருக்கு அது எப்படி வந்தது என்று ஒவ்வொரு கைமாற்றையும் சரிபார்த்துக்கொண்டே தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போவாரே, அதே முறைதான் இதற்கும். நடுவில் ஒரு பத்திரம் விட்டுப்போனால், அதற்கு மேலே எத்தனை பழைய ஓலை இருந்தாலும் அது அந்த நிலத்துக்கு உரியது என்று சொல்ல முடியாது.

இனித் தாங்கள் அனுப்பிய பைபிள் பக்கங்களுக்கு வருவோம். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே குடும்பச் செய்திகளை எழுதுவதற்கென்று வெற்றுப் பக்கங்களை வைத்து அச்சிடுவது அமெரிக்காவில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. தங்கள் சம்பந்தி வீட்டு பைபிளின் முகப்பில் பிலடெல்பியா, 1832 என்று அச்சாகியிருக்கிறது. குறிப்புகளோ 1764-ஆம் ஆண்டுப் பிறப்பிலிருந்து தொடங்குகின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: 1764 முதல் 1830 வரையுள்ள பதினொரு பதிவுகளும் ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே சாய்வு. 1834-க்குப் பிறகுதான் கையெழுத்து மாறுகிறது. மையும் ஓரிடத்தில் பழுப்பாகவும் ஓரிடத்தில் கறுப்பாகவும் இருக்கிறது. 1839-இல் பிறந்த குழந்தை ஒன்றின் பெயருக்கு எதிரே, வேறு பேனாவால், இடம் போதாமல் நெருக்கி, அடுத்த ஆண்டு இறந்த தேதி எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பிற்பகுதி நிகழ்ச்சிகள் நடக்க நடக்க எழுதப்பட்டது என்பதற்கு இவையே சாட்சி. ஆகையால் அதை நம்பலாம். முற்பகுதி, பைபிள் வாங்கிய பிறகு யாரோ ஒருவர் ஒரே அமர்வில் எழுதிச் சேர்த்தது. அவர் பழைய தாளைப் பார்த்து எழுதினாரா, பாட்டி சொல்லக் கேட்டு எழுதினாரா என்று இதைக் கொண்டே சொல்ல முடியாது. அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அந்தப் பதினொன்றில் ஒவ்வொன்றுக்கும் வேறு சான்று தேட வேண்டும்.

தென் கரோலினா மாநிலத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு 1915-இல்தான் மாநிலம் முழுவதற்கும் கட்டாயமானது. திருமண உரிமம் 1911-இல் வந்தது. அதற்கு முன் போக, மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். தனிநபர் விவரங்களை 72 ஆண்டுகள் கழித்து வெளியிடுகிறார்கள். 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் வெளிவந்தது. அதிலிருந்து பத்துப் பத்தாண்டாகப் பின்னே போங்கள். 1890-ஆம் ஆண்டுக் கணக்கு 1921-இல் ஏற்பட்ட தீவிபத்தால் ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோனது. அங்கே இருபதாண்டு இடைவெளி விழும். 1850 வரை வீட்டில் இருந்த அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் வயதும் கிடைக்கும். அதற்கு முன், 1790 முதல் 1840 வரை, குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வயது வாரியான எண்களாகத்தான் இருப்பார்கள்.

1850-க்கு முன்னால் தேடலின் தன்மையே மாறிவிடுகிறது. இனி உயில்களும் நிலப் பத்திரங்களும் கிறித்தவக் கோயில் பதிவேடுகளுமே துணை. தென் கரோலினாவில் 1782 முதல் 1855 வரையுள்ள உயில்களின் படிகளை மாநில ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. உயிலைப் படிக்கும்போது மகன்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ‘இன்னாரின் மனைவியாகிய என் மகளுக்கு’ என்று வரும் ஒரு தொடர், வேறெங்கும் கிடைக்காத ஒரு திருமணத்துக்குச் சான்றாகிவிடும். குடும்பப் பெயர் ஆண்வழியில் போவதால் எல்லோரும் ஆண்வழியையே துரத்துகிறார்கள். ஹியூகனாட் பூர்விகம் பெண்வழியில் வந்து சேர்ந்த வீடுகள்தாம் எத்தனையோ. ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர்களில் ஒருவர் 1620-இல் வர்ஜீனியா வந்த நிக்கோலா மார்ஷியோ என்ற ஹியூகனாட். வாஷிங்டன் என்ற பெயரை வைத்து அவரை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

கோயில் பதிவேடு என்றதும் பிரெஞ்சுக் கோயிலை மட்டும் தேடாதீர்கள். 1706-இல் தென் கரோலினாவில் இங்கிலாந்துத் திருச்சபை அரசுச் சபையாகச் சட்டப்படி நிறுவப்பட்டது. பிரெஞ்சுக் குடியிருப்புகளும் அதன் பங்குகளாயின (பங்கு என்பது ஒரு கோயிலின் பொறுப்பில் உள்ள பகுதி). சான்டீ ஆற்றங்கரையில் செயின்ட் ஜேம்ஸ் பங்கும், துறைமுக நகரான சார்ல்ஸ்டனுக்கு அருகே செயின்ட் டெனிஸ் பங்கும் அப்படி அமைந்தவை. ஆகவே ஒரு ஹியூகனாட் பேரக்குழந்தையின் திருமுழுக்கு ஆங்கிலக் கோயில் ஏட்டில் இருப்பதே இயல்பு. இந்தப் படி வரை வந்துவிட்டால், தங்களுக்கு ஓர் அரிய ஆவணம் காத்திருக்கிறது. 1690-களின் நடுப்பகுதியில், கரோலினாவில் குடியேறி ஆங்கிலக் குடியுரிமை கோரிய பிரெஞ்சுக்காரர், சுவிஸ்காரர் ஆகியோரின் பட்டியல் ஒன்று பிரெஞ்சு மொழியிலேயே தயாரிக்கப்பட்டது. ஒவ்வொருவரின் பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த ஊர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் அதில் உண்டு. சம்பந்தி வீட்டுப் பெயர் அதில் இருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெயருக்கும் 1764-இல் பிறந்தவருக்கும் நடுவே இரண்டு மூன்று தலைமுறைகள் இருக்கின்றன. அவற்றைச் சான்றோடு கட்டாதவரை பட்டியலில் உள்ள பெயர் வெறும் பெயர்தான்.

லா ரோஷல் பற்றி ஒரு வார்த்தை. அது அவர்கள் கப்பலேறிய துறையாக இருக்கலாம். பிறந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. அந்தத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஓனிஸ், சான்தோன்ழ், புவாத்தூ பகுதிகளின் சிற்றூர்களில் புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் நிறைய இருந்தன. தலைமுறைகள் கடந்து கதையாகச் சொல்லும்போது சிற்றூரின் பெயர் மறந்துபோய், பெரிய துறைமுகத்தின் பெயரே நின்றுவிடும்.

கேள்வி – வாசகர், ஓரியூர்:
எங்கள் ஊரில் புனித அருளானந்தர் 1693-இல் தலை வெட்டப்பட்டு உயிர்த்தியாகம் செய்தார். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சில் ஒரு கத்தோலிக்க அரசர் கிறித்தவர்களையே விரட்டினார் என்று சென்ற இதழில் படித்து மனம் வருந்தினேன். என்ன காரணம்? விரட்டப்பட்டவர்களின் விவரம் பிரான்சில் எங்காவது மிஞ்சியிருக்குமா?

பதில்: தங்கள் வருத்தம் நியாயமானது. கிழவன் சேதுபதி காலத்தில் மறவர் சீமையில் போர்த்துக்கல் நாட்டுத் துறவி தம் நம்பிக்கைக்காக உயிர் கொடுத்த ஆண்டுகளில், பிரான்சில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் நம்பிக்கைக்காக இரவோடு இரவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பின. கால்வின் என்ற புராட்டஸ்டன்ட் சமயத் தலைவரின் சீர்திருத்தப் போதனையை ஏற்றவர்களுக்கும் கத்தோலிக்கத் தரப்புக்கும் பிரான்சில் 1562 முதல் 1598 வரை விட்டு விட்டுப் போர் நடந்தது. 1572 ஆகஸ்டில், புனித பர்த்தலமேயு திருநாளை ஒட்டிப் பாரிசில் தொடங்கிய படுகொலை மற்ற நகரங்களுக்கும் பரவியது. நான்காம் ஹென்றி அரசர் 1598-இல் பிறப்பித்த நான்ட் அரசாணை அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தது. பிறகு 1627–28-இல் லா ரோஷல் நகரம் முற்றுகையிடப்பட்டுப் பசியால் பணிந்தது. 1681 முதல், மதம் மாறாத குடும்பங்களின் வீட்டில் குதிரைப்படை வீரர்களைத் தங்கவைத்து, அவர்கள் செய்யும் அட்டூழியத்தால் பணியவைக்கும் கொடிய முறை புவாத்தூ பகுதியில் தொடங்கியது. 1685 அக்டோபரில் பதினான்காம் லூயி நான்ட் அரசாணையை அடியோடு ரத்து செய்தார். நாடு முழுவதும் ஒரே அரசர், ஒரே சட்டம், ஒரே மதம் என்று இருக்க வேண்டும் என்பதே அவரது நோக்கமாக இருந்தது.

அந்தப் புதிய ஆணையில் ஒரு விந்தையான கொடுமை உண்டு. போதகர்கள் பதினைந்து நாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பொதுமக்களோ வெளியேறவே கூடாது. தப்பும்போது பிடிபட்ட ஆண்கள் அரசுக் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் கைதிகளாக அனுப்பப்பட்டார்கள். ‘விரட்டப்பட்டார்கள்’ என்பதைவிட, பூட்டிய நாட்டிலிருந்து தப்பினார்கள் என்பதே சரி. அப்படித் தப்பியவர்கள் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. நெதர்லாந்து, இங்கிலாந்து, பிரஷ்யா, சுவிட்சர்லாந்து, தென்னாப்பிரிக்காவின் கேப் என்று சிதறினார்கள். அட்லாண்டிக் கடந்து வட அமெரிக்கா சேர்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

தங்கள் இரண்டாம் கேள்விக்கான பதில் தங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறேன். 1685-க்குப் பிறகு பிரான்சில் தங்கிவிட்ட புராட்டஸ்டன்ட் குடும்பங்களின் பிறப்பையும் திருமணத்தையும் இன்று நமக்குச் சொல்பவை பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளே. வேறு சட்டபூர்வமான வழியே அவர்களுக்கு இருக்கவில்லை. மனத்தில் பழைய நம்பிக்கையோடு, ‘புதிதாக மனம் மாறியவர்’ என்ற குறிப்போடு அந்த ஏடுகளில் இடம்பெற்றார்கள். ஒரே வீட்டில் அண்ணன் மதம் மாறி நிலத்தைக் காத்துக்கொள்ள, தம்பி கடல் கடந்திருப்பான். அமெரிக்காவில் தம்பியின் ஊர் தெரியாமல் தேடுகிறவருக்கு, அண்ணனின் பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவே வழிகாட்டும். ஞானப்பெற்றோர் பெயர்களை விடாமல் படிக்க வேண்டும். 1667-இல் வந்த சட்டப்படி பங்கு ஏடுகளை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றை நீதிமன்றத்தில் ஒப்படைத்தார்கள். அதனால் ஒன்று அழிந்த இடத்தில் மற்றொன்று மிஞ்சியிருப்பதுண்டு. புராட்டஸ்டன்ட்டுகளின் பிறப்பு, திருமணம், இறப்பைச் சட்டபூர்வமாகப் பதிய 1787-இல் பதினாறாம் லூயியின் ஆணைதான் மறுபடி வழி திறந்தது.

கேள்வி – வாசகர், மண்டபம்:
எங்கள் தாத்தா இலங்கைத் தோட்டத்துக்குப் போனபோது மண்டபம் முகாமில் பெயர், ஊர் எல்லாம் எழுதிக்கொண்டுதான் கப்பலேற்றினார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அமெரிக்கா போன ஹியூகனாட்டுகளுக்கும் கப்பல் பட்டியல் இருக்குமே?

பதில்: பெரும்பாலும் இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் பயணிகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்ற சட்டமே 1819-இல்தான் வந்தது. பட்டியல்கள் 1820-இலிருந்து கிடைக்கின்றன. அதற்கு நூறாண்டுக்கும் மேல் முன்னால், ஒளிந்து தப்பியவர்களைப் பற்றிப் பிரெஞ்சுத் துறைமுகத்தில் பட்டியலை எதிர்பார்ப்பதற்கில்லை. சில குழுக்களுக்கு மட்டும் விதிவிலக்காகப் பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன. 1700-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றங்கரையில், மனாகின் என்ற இடத்தில் குடியேறியவர்கள் அப்படிப்பட்டவர்கள். அவர்களது கிங் வில்லியம் பங்கின் நிர்வாக ஏடு 1707 முதல் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

கப்பலைத் தேடுவதைவிட, நடுவில் தங்கிய ஊரைத் தேடுவது பலன் தரும். நேரே அமெரிக்கா போனவர்கள் குறைவு. நியூயார்க்கின் நியூ பால்ட்ஸ் ஊரை 1678-இல் அமைத்தவர்களில் முதன்மையான லூயி துபுவா, வட பிரான்சுப் பகுதியில் பிறந்து, ஜெர்மனியின் பலாட்டினேட்டில் வாழ்ந்துவிட்டு, பிறகே கடல் கடந்தார். அவர் போனது 1685-க்கு இருபதாண்டுக்கும் முன்னால் என்பதையும் கவனியுங்கள்; எல்லா ஹியூகனாட்டும் அந்த ஓர் ஆணையால் கிளம்பியவர் அல்லர். கரோலினா சென்றவர்களில் பலர் முதலில் லண்டனில் தங்கினார்கள். அங்கே த்ரெட்நீடில் தெருப் பிரெஞ்சுக் கோயில் 1550-இலிருந்தே இயங்கிவந்தது. புதிதாக வந்தவர்கள் தங்கள் பழைய சபையிலிருந்து கொண்டுவந்த சான்றுக் கடிதத்தை அங்கே காட்டுவார்கள். பிரான்சில் பலவந்தத்தால் கத்தோலிக்கப் பூசையில் கலந்துகொண்டவர்கள், சபையின் முன் எழுந்து நின்று அதற்காக மன்னிப்புக் கேட்பார்கள். அதுவும் பெயரோடு எழுதப்பட்டது. 1885-இல் தொடங்கிய லண்டன் ஹியூகனாட் கழகம் இந்த ஏடுகளையும், இங்கிலாந்து அரசு அகதிகளுக்குக் கொடுத்த குடியுரிமைப் பட்டியல்களையும் அச்சிட்டிருக்கிறது. நெதர்லாந்து வழியாகப் போனவர்களுக்கு, அங்குள்ள பிரெஞ்சு மொழிக் கோயில்களின் பதிவுகளைத் தொகுத்த லைடன் நகரத்து அட்டைத் தொகுப்பு இருக்கிறது.

கேள்வி – வாசகர், கீழக்கரை:
குடும்பப் பெயர் பிரெஞ்சாக இருந்தால் ஹியூகனாட் என்று முடிவு கட்டலாமா? ஆங்கிலப் பெயராக இருந்தால் இல்லை என்று சொல்லலாமா?

பதில்: இரண்டும் கூடாது. பாஸ்டனில் புகழ்பெற்ற அமெரிக்கப் புரட்சி வீரர் பால் ரெவியரின் தந்தை, அப்போலோ ரிவுவார் என்ற பெயரோடு சிறுவனாக வந்திறங்கிய ஹியூகனாட். பொற்கொல்லர் தொழில் கற்று, பெயரை ஆங்கில நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே மனிதரின் பெயர் ஒரே ஏட்டில் மூன்று விதமாக இருப்பதும் உண்டு. ஆகவே தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாமல், ஒலியையும், அருகில் இருக்கும் சாட்சிகளின் பெயர்களையும் வைத்துத் தேட வேண்டும்.

மறுபக்கம், பிரெஞ்சுப் பெயரோடு அமெரிக்கா வந்த கத்தோலிக்கர் ஏராளம். 1755-இல் ஆங்கிலேயர் அக்காடியாவிலிருந்து (இன்றைய கனடாவின் கிழக்குக் கரைப் பகுதி) வெளியேற்றிய பிரெஞ்சுக் கத்தோலிக்கரில் நூற்றுக்கணக்கானோர் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலேயே இறக்கப்பட்டார்கள். 1791-இல் பிரெஞ்சுக் குடியேற்றமான சான் தொமிங்குவில் (இன்றைய ஹைட்டி) அடிமைகளின் புரட்சி வெடித்த பிறகு அங்கிருந்தும் பலர் அதே நகருக்கு வந்தார்கள். தங்கச்சிமடம் வாசகியின் சம்பந்தி வீட்டார் போன்ற தென் கரோலினாக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும். இன்னொரு கிளை வலோன்கள்: இன்றைய பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த பிரெஞ்சு பேசும் புராட்டஸ்டன்ட்டுகள். 1621-இல் அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்துக்கு வந்த பிலிப் த லானுவா, லைடனில் வலோன் பெற்றோருக்குப் பிறந்தவர்; குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட்டின் நடுப்பெயர் அவரிடமிருந்தே வந்தது.

கேள்வி – கல்லூரி மாணவர், தேவிபட்டினம்:
எச்சில் மாதிரியை அனுப்பினால் டி.என்.ஏ. பரிசோதனையில் எல்லாம் தெரிந்துவிடும்போது, இத்தனை ஏடுகளைப் புரட்டுவானேன்?

பதில்: மதம் டி.என்.ஏ.வில் இல்லை. கத்தோலிக்க அண்ணனுக்கும் ஹியூகனாட் தம்பிக்கும் ஒரே டி.என்.ஏ. மரபுதான். அதோடு, பத்துத் தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். அவர்களில் ஒருவரிடமிருந்து நமக்கு வந்து சேரும் பங்கு சராசரியாக ஆயிரத்தில் ஒன்று. பலரிடமிருந்து எதுவுமே வந்திருக்காது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் ஒரு விதத்தில் உதவும்: ஆண்வழி வாரிசு என்று ஆவணத்தால் நிறுவிய வேறொரு கிளையின் ஆணோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். பிரான்சிலோ, மருத்துவக் காரணமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் இத்தகைய பரிசோதனை செய்துகொள்வது சட்டப்படி குற்றம். ஆகவே அங்கே வாழும் உறவினரோடு பொருத்தம் காண்பது கடினம். ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும், தம்பி.

கேள்வி – வாசகர், தொண்டி:
இணையத்தில் ஆயிரக்கணக்கான வம்சாவளிகள் தயாராகவே இருக்கின்றன. பழைய அச்சுப் புத்தகங்களும் கிடைக்கின்றன. அவற்றை எடுத்து எழுதினால் போதாதா?

பதில்: துப்புக்காகப் படியுங்கள், சான்றாக எடுக்காதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் பக்கம் இருந்த குஸ்தாவ் அஞ்சூ என்பவர், பணக்காரர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு இல்லாத உயில்களையும் பதிவேடுகளையும் மேற்கோள் காட்டி வம்சாவளி எழுதிக் கொடுத்தார். அவரது புனைவுகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதியவை இணையத்தில் பெருகிவிட்டன. ஒரு செய்தியை நூறு பேர் எழுதியிருந்தாலும், எல்லோரும் ஒரே ஊற்றிலிருந்து எடுத்தது என்றால் அது ஒரு சாட்சிதான். எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று சொல்லாத வம்சாவளியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது.

தேதிகளிலும் கவனம் வேண்டும். பிரான்ஸ் 1582-இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை பழையதையே வைத்திருந்தன. அவர்களுக்குப் புத்தாண்டும் மார்ச் 25-இல்தான் பிறந்தது. பிரான்சில் 1680 மார்ச் 1 என்று எழுதப்பட்ட நாளை, லண்டன் எழுத்தர் 1679 பிப்ரவரி 20 என்று எழுதியிருப்பார். இது தெரியாமல், ஒரே ஆளை அண்ணன் தம்பி இருவராக்கியவர்கள் உண்டு.

கேள்வி – அதே ஆசிரியை, தங்கச்சிமடம் (இரண்டாம் கடிதம்):
சம்பந்தியம்மா 1811-ஆம் ஆண்டு உயில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். பைபிளில் உள்ள நான்கு பெயர்கள் அதில் பொருந்துகின்றன. ஆனால் அதில் ஒன்பது அடிமைகளைப் பெயர் சொல்லி மகன்களுக்கும் மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதைப் பேரனுக்குச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. என்னிடம் யோசனை கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

பதில்: எழுதச் சொல்லுங்கள், அம்மா, ஒன்பது பெயர்களையும் ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். கரோலினாவின் ஹியூகனாட் குடும்பங்களில் பல, வந்து சில பத்தாண்டுகளுக்குள் நெல் தோட்டங்களுக்கு உரிமையாளர்களாகி, அடிமைகளின் உழைப்பில் வளர்ந்தன. கொடுமைக்குத் தப்பி வந்தவர்களே கொடுமை செய்தார்கள் என்பதை மறைத்துவிட்டு எழுதும் வம்சாவளி அரைகுறையானது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை உண்டு. அதில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், சில விதிவிலக்குகள் தவிரப் பெயர் இருக்காது. விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு தோன்றும் முதல் கணக்கெடுப்பு 1870-ஆம் ஆண்டினுடையது. அதற்கு முன் தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்களுக்கு, உரிமையாளர் வீட்டு உயில்களும் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல்களுமே கதவு. தங்கள் சம்பந்தி வீட்டுப் பெட்டியில் இருக்கும் அந்த ஒன்பது பெயர்கள், இன்னொரு வீட்டார் பல காலமாகத் தேடிக்கொண்டிருக்கும் பெயர்களாக இருக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, உயிலில் சொன்ன வயது அல்லது உறவு, யாருக்குக் கொடுக்கப்பட்டார், எந்த உயில் ஏடு, எந்தப் பக்கம் என்று குறித்து, மாவட்ட நூலகத்துக்கோ மாநில ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு படி கொடுக்கச் சொல்லுங்கள். உயில் எழுதியவர் இறந்த பிறகு சொத்தை மதிப்பிட்ட பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். தாயையும் பிள்ளைகளையும் அதில் சேர்த்து எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

உயில் பொருந்தியதால் பைபிளின் பதினொரு பதிவில் நான்கு உறுதியாகிவிட்டன. மற்ற ஏழுக்கும் நிலப் பத்திரங்களைப் பாருங்கள். குறிப்பாக, 1811-இல் இறந்தவருக்கு நிலம் எப்படி வந்தது என்று தேடினால், அவர் தந்தையின் பெயர் கிடைக்கக்கூடும். அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய உயில்கள் எல்லாம் சார்ல்ஸ்டனில்தான் பதிவாயின. ஆகையால் அடுத்த படிக்கு வேறு ஊர் அலைய வேண்டியதில்லை.

கேள்வி – வாசகி, பாம்பன்:
இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்? இங்கிருந்தே செய்ய முடியுமா?

பதில்: தொடக்க வேலைகளுக்குச் செலவே இல்லை. சால்ட் லேக் சிட்டியில் உள்ள மார்மன் சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால், அமெரிக்கக் கணக்கெடுப்பு ஏடுகளையும் பல கோயில் பதிவுகளையும் படமாகவே பார்க்கலாம். சில படங்களை மட்டும் அவர்கள் குடும்ப வரலாற்று மையங்களுக்குப் போய்த்தான் பார்க்க முடியும். பிரான்சின் மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பெரும்பாலானவை பங்கு ஏடுகளைக் கட்டணமின்றி இணையத்தில் வைத்திருக்கின்றன. லா ரோஷல் பகுதிக்கு ஷரான்த் மரித்தீம் மாவட்டத் தளத்தைப் பார்க்க வேண்டும். பாரிசில் 1852 முதல் இயங்கும் பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் வரலாற்றுக் கழகத்தின் நூலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம். பிரெஞ்சில் எழுதினால் நல்லது, ஊர்ப் பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் சொன்னால் இன்னும் நல்லது. அந்த இரண்டும் தெரியாத நிலையில் எழுதும் கடிதத்துக்கு யாராலும் பதில் தர இயலாது. ஆகவே அமெரிக்கப் பக்கத்து ஏடுகளில் ஊர்ப் பெயர் கிடைக்கும்வரை பாரிசுக் கடிதத்தை ஒத்திவையுங்கள்.